லாபு சர்வரின் நாற்பதாவது நிமிஷம்

சனிக்கிழமை மத்தியானம் சர்வர் மூன்றாவது தடவையாகப் படுத்தபோது நீலாவதிக்கு அழுகை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. அழுகை வந்திருந்தாலாவது கொஞ்சம் பாரம் இறங்கியிருக்கும். கடையிலிருந்த பத்துத் திரைகளிலும் ஆட்டம் அப்படியே உறைந்துவிட்டது. ஒரு திரையில் ஓடிக்கொண்டிருந்த சிப்பாய் ஒரு காலைத் தூக்கியபடி நின்றான். அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். நாற்பது நிமிஷம். நேற்றும் நாற்பதுதான். முந்தாநாள் நாற்பத்திரண்டு.

“நாளைக்கு மூணு மணிக்கு மேட்ச் லா நீலா,” என்றான் திருநாவுக்கரசு, அவளுக்குத் தெரியாத சங்கதியைச் சொல்வதுபோல.

“தெரியும். வாய மூடிக்கிட்டு ஒக்காரு.”

அரசு என்று எல்லோரும் கூப்பிடும் அந்தத் திருநாவுக்கரசும், நீலாவதியும், இன்னும் மூன்று பேரும் மலேசியாவில் லாபு ரப்பர் தோட்டத்து லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். அப்பா அம்மா பால்வெட்டுக்குப் போனார்கள். பிள்ளைகள் மோட்டார் சைக்கிள் ஏறிப் பக்கத்துச் செனாவாங் தொழிற்சாலைகளுக்குப் போனார்கள். நீலாவதிக்கு இருபத்தாறு வயது, ஒரு மின்சாமான் கம்பெனியில் சர்க்யூட் பலகைகளைச் சோதித்துப் பார்க்கும் வேலை. அரசு ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினான். சிஃப்ட் முடிந்தால் ஐந்து பேரும் நேராக வந்து விழும் இடம் விசுவநாதன் செட்டியாரின் கம்ப்யூட்டர் கடை. அங்கேதான் ‘அயர்ன் யார்டு’ என்ற ஆட்டம் அவர்களைப் பிடித்துக்கொண்டது. ஒரு பாழடைந்த தொழிற்சாலைக்குள் ஐந்து பேர் இந்தப் பக்கம், ஐந்து பேர் அந்தப் பக்கம். எதிராளியின் கொடியைப் பிடுங்கிக்கொண்டு உயிரோடு திரும்பி வரவேண்டும். நாளெல்லாம் தொழிற்சாலையில் வேலை பார்த்துவிட்டு இன்னொரு தொழிற்சாலைக்குள் போய்ச் சாகிறீர்களே என்று செட்டியார் கேலி செய்வார்.

நன்றாகத்தான் ஆடினார்கள். ஆனால் அந்த வருஷம், தொண்ணூற்றொன்பதில், நாடு தழுவிய லீக் ஒன்றில் சேர்ந்தபோது ஐந்து ஆட்டத்திலும் தோற்றார்கள். லீக்கின் சர்வர், அதாவது எல்லோருடைய ஆட்டத்தையும் நடத்திவைக்கும் கம்ப்யூட்டர், கோலாலம்பூரில் இருந்தது. லாபுவிலிருந்து ஒருவன் துப்பாக்கியை அழுத்தினால் அந்தச் செய்தி போய்த் திரும்ப, ஒரு விநாடியை ஆயிரம் கூறாக்கினால் அதில் முந்நூற்றிருபது கூறு ஆகும். கோலாலம்பூர்க்காரனுக்கு நாற்பது. இவர்கள் சுடும்போது திரையில் நின்ற எதிராளி உண்மையில் அந்த இடத்தை விட்டுப் போய்க் கால் விநாடி ஆகியிருக்கும். ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அரசு சொல்வான்: “நாம தோக்கல லா, லைன் தோத்துச்சு.” முதலில் அது ஆறுதலாக இருந்தது. ஐந்தாவது தடவை கேட்டபோது நீலாவதிக்குச் சலித்துவிட்டது. நாம் நிஜமாகவே நல்ல ஆட்டக்காரர்களா, இல்லை லைனுக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறோமா என்று அவளுக்கே தெரியவில்லை.

அப்போதுதான் செட்டியாரிடம் போய் நின்றாள். இங்கேயே ஒரு சர்வர் வைக்கலாமா என்று கேட்டாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு யோசித்தார், மறுநாளே டெலிபோன் ஆபீசுக்கு மனு எழுதினார். சாதாரண லைனைவிட அகலமான லைன் ஒன்று வேண்டும் என்று மூன்று முறை எழுதி, இரண்டு முறை நேரில் போய் உட்கார்ந்து, வாங்கிக் கொண்டுவந்தார். கடையிலேயே நல்ல கம்ப்யூட்டரை மூலையில் ஒதுக்கி, “இது ஒனக்கு. இதுல யாரும் கை வைக்கக்கூடாது,” என்றார். லயத்து வீட்டில் டெலிபோன்கூட இல்லாத ஒருத்திக்கு இதைச் செய்ய அவருக்கு எந்த அவசியமும் இல்லை.

லீக்கை நடத்திய மகாலிங்கம் யாழ்ப்பாணத்துக்காரர், நியாயமான மனிதர், ஆனால் கறார். டெலிபோனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்: “உங்கட சர்வரில ஒரு மேட்ச் வச்சுப் பாப்பம். ஒருக்கா நிண்டா மன்னிப்பு. ரெண்டாந்தரம் நிண்டா மேட்ச் அவங்களுக்கு, மிச்சம் எல்லா மேட்சும் இங்க கோலாலம்பூரில.” மூன்று சுற்று, சுற்றுக்கு இருபது நிமிஷம், மொத்தம் ஒரு மணி நேரம். சர்வர் தாங்குவதோ நாற்பது நிமிஷம்.

கோளாறு எங்கே என்பதில் நீலாவதிக்குச் சந்தேகமே இல்லை. தன் கைவேலையில்தான். இருபத்துமூன்று நாள் ஒரு விக்கல் இல்லாமல் ஓடிய சர்வர் அது. சர்வரைச் சீர்செய்வது கல்யாணப் பந்தியில் பரிமாறுவது மாதிரிதான். எல்லா இலைக்கும் ஒரே நேரத்தில், ஒரே அளவில் போய்ச் சேரவேண்டும். ஒரு இலைக்கு அள்ளிப் போட்டுவிட்டு அடுத்த இலைக்காரனைக் காயவிடக்கூடாது. அவள் வாரக்கணக்கில் அதைத்தான் செய்தாள். லைனின் அகலத்தை வெளியூர் ஆட்டக்காரர்கள் ஐவருக்கும் சரிசமமாகப் பங்கு போட்டாள். இடையில் புகுந்து வேலையைக் கெடுக்கும் வைரஸ் தேடும் புரோகிராம், ஸ்கிரீன் சேவர் எல்லாவற்றையும் ஓய்த்தாள். பிறகு ஆயுத பூஜை வந்தது. ஆயுதங்களுக்கு ஒரு நாள் ஓய்வு என்று செட்டியாரின் மனைவி செல்லம்மை ஆச்சி சொன்னதால் கடையில் எல்லாக் கம்ப்யூட்டரையும் நிறுத்தினார்கள், சர்வர் உட்பட. மறுநாள் விஜயதசமி காலையில் அதை எழுப்பியபோது, நின்றதுதான் நின்றது என்று நீலாவதி ஒரு மாற்றம் செய்தாள். விநாடிக்கு இருபது தடவை செய்தி அனுப்பிக்கொண்டிருந்த சர்வரை முப்பது தடவை அனுப்பச் சொன்னாள். அன்றிலிருந்துதான் இந்த நாற்பது நிமிஷ வியாதி.

கம்பெனியில் அவளுக்குப் பழக்கமான முறை ஒன்று உண்டு. பலகை கெட்டால் கடைசியாக எது மாறியதோ அதைப் பார். கடைசியாக மாறியது அவள் வைத்த முப்பது. அதை இருபத்தைந்தாக்கினாள். இருபதுக்கே கொண்டுவந்தாள். பங்குகளைக் குறைத்தாள், கூட்டினாள். சனிக்கிழமை மாலைக்குள் தான் ஒரு மாதமாகச் செய்த அத்தனையையும் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டுவிட்டாள். ஆள் இல்லாமல் சும்மா விட்டால் சர்வர் நாளெல்லாம் ஓடியது. பத்துப் பேர் ஏறினால் நாற்பதாவது நிமிஷம் படுத்தது. இனிப் பிரிக்க எதுவும் மிச்சமில்லை.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அவள் கை வைக்கவில்லை. அதைப் பற்றித்தான் அரசுக்கும் அவளுக்கும் சண்டை. ஐந்து பேரும் கடையிலேயே, சர்வருக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து ஆடுவதால் அவர்களுக்குத் தாமதம் வெறும் ஐந்து கூறு. கோலாலம்பூர்க்காரர்களுக்கு எழுபது. நீலாவதி ஒரு சின்ன புரோகிராமை வைத்துத் தங்கள் ஐந்து பேருக்கும் வேண்டுமென்றே எழுபது ஆக்கிவிட்டாள்.

“ஏன் லா?” என்று கத்தாத குறையாகக் கேட்டான் அரசு. “அவங்க ஊருல நாம முந்நூத்தி இருவதுல செத்தோம். ஒருத்தன் கேட்டானா? நம்ம ஊருல நமக்கு அஞ்சு. இருந்துட்டுப் போவட்டுமே. அவங்களுக்குத் தெரியவா போவுது?”

“அவங்களுக்குத் தெரியாது. நமக்குத் தெரியும். அஞ்சு வச்சி ஜெயிச்சா, அப்பவும் லைன்தான் ஜெயிச்சுது. அதுக்கு எதுக்கு லா இவ்ளோ பாடு?”

அரசு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை காலை நீலாவதி செம்பனைக் கன்றுகள் நட்டிருந்த புதுத் தோட்டத்தைத் தாண்டி மோட்டாரில் வரும்போது ஒரு முடிவோடுதான் வந்தாள். பன்னிரண்டு மணிவரை பார்ப்பது. சரிவரவில்லை என்றால் மகாலிங்கத்தைக் கூப்பிட்டு, சர்வர் வேண்டாம், கோலாலம்பூரிலேயே ஆடுகிறோம் என்று சொல்லிவிடுவது. பாதி ஆட்டத்தில் படுத்துச் செட்டியாருடைய கடையின் பெயரைக் கெடுப்பதைவிட அது மேல்.

பன்னிரண்டு ஆயிற்று. சரிவரவில்லை. அவள் டெலிபோனைப் பார்த்துக்கொண்டிருந்தபோது ஆச்சி தூக்குச்சட்டியோடு வந்தார். கடைக்கு மேல்மாடியில்தான் வீடு. ஐம்பது வயது, கனத்த சரீரம், படியிறங்குவதற்குள் மூச்சு வாங்கும். என்றாலும் ஆட்டம் இருக்கும் நாளெல்லாம் ஐந்து பேருக்கும் சோறு அவர் கையால்தான். கம்ப்யூட்டரைப் பற்றி ஆச்சிக்கு எதுவும் தெரியாது, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. ஆனால் அந்த மூலைச் சர்வர் மேல் மட்டும் அவருக்குத் தனிப் பிரியம். கடைக்குள் நுழைந்ததும் அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வது வழக்கம்.

அன்றும் தொட்டார். ஆனால் கையைக் கண்ணுக்குக் கொண்டுபோகவில்லை. பாதியில் நிறுத்திவிட்டு, மறுபடியும் தொட்டுப் பார்த்தார்.

“என்னாத்தா இது, காய்ச்சக்காரி நெத்தியாட்டம் கொதிக்குது? பூசைக்கு முன்னாடியெல்லாம் தொட்டா இப்படி இருக்காதே.”

நீலாவதி டெலிபோனை விட்டாள். எழுந்துபோய்த் தானும் கை வைத்துப் பார்த்தாள். ஒரு மாதமாக அந்தப் பெட்டியின் உள்ளே ஓடும் ஒவ்வொரு எண்ணும் அவளுக்கு மனப்பாடம். பெட்டியைத் தொட்டுப் பார்க்க மட்டும் தோன்றவேயில்லை. கடைசியாக மாறியது எது என்று தேடினாளே, ஆயுத பூஜை அன்று மாறியது அவள் வைத்த எண் மட்டும்தானா?

செட்டியார் ஸ்க்ரூடிரைவர் கொண்டுவந்தார். மூடியைக் கழற்றினார்கள். உள்ளே கம்ப்யூட்டரின் மூளையான சில்லுக்கு மேல் உட்கார்ந்து சுற்றவேண்டிய சின்னக் காற்றாடி அசையாமல் கிடந்தது. அதன் இறக்கைகளில் சாம்பல் நிறமாக ஏதோ அப்பியிருந்தது. நீலாவதி விரலால் தொட்டு முகர்ந்தாள். விபூதி. கூடவே காய்ந்த சந்தனம். ஒரு மல்லிகை இதழ்கூட இருந்தது.

நடந்தது இதுதான். பூஜையன்று ஆச்சி எல்லாக் கம்ப்யூட்டருக்கும் ஒரு பொட்டு வைத்தார் என்றால் சர்வருக்கு ஓர் அலங்காரமே செய்திருக்கிறார். நெற்றி எது, முதுகு எது என்று தெரியாத பெட்டி. அதனால் முன்னாலும் பின்னாலும், காற்று இழுக்கும் துவாரத்தைச் சுற்றியும் சந்தனத்தைக் குழைத்துப் பூசி, விபூதியை அள்ளித் தூவி, மாலையும் சாத்தியிருந்தார். மறுநாள் மாலையை எடுத்து வெளிப்புறத்தைத் துடைத்தபோது உள்ளே இறங்கியது யாருக்கும் தெரியவில்லை. ஓடிக்கொண்டே இருந்த காற்றாடி ஒரு நாள் ஓய்வில் நின்றது. மறுநாள் எழுப்பியபோது இறங்கியிருந்ததை எல்லாம் இழுத்துக்கொண்டு முக்கி முனகிச் சுற்றி, எப்போதோ அடங்கிப்போனது. ஆள் குறைவாக இருந்தால் சூடு தாங்கும். பத்துப் பேர் ஏறினால் நாற்பது நிமிஷத்தில் மண்டை கொதித்துவிடும்.

“ஆச்சி, இது ஒங்க...” என்று ஆரம்பித்தான் அரசு.

நீலாவதி அவன் காலை மிதித்தாள். “காத்தாடி பழசு ஆச்சி. தேஞ்சி போச்சு. அவ்ளோதான்.”

ஆச்சி நீலாவதியின் விரலில் ஒட்டியிருந்த விபூதியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

துடைத்தார்கள், ஊதினார்கள், எண்ணெய் விட்டார்கள். காற்றாடி இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு நின்றது. புதிது வாங்கலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமை, பக்கத்து டவுன் சிரம்பானில் அந்தக் கடைகள் மூடியிருக்கும். மணி இரண்டாகப் பத்து நிமிஷம் இருந்தது. வியாதி தெரியாமல் தோற்பது ஒரு மாதிரி. தெரிந்தபின் தோற்பது அதைவிடக் கொடுமை.

“காத்துத்தானே வேணும்?” என்றார் ஆச்சி.

மூச்சு வாங்க மாடியேறிப் போனவர் ஒரு பழைய மேசைக் காற்றாடியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இறங்கினார். ஆச்சி படுக்கும் அறையில் ஓடிக்கொண்டிருந்தது அது. பச்சை நிறம், கழுத்து உடைந்து துணியால் கட்டியிருந்தது. மூடி இல்லாத சர்வருக்கு நேராக வைத்து ஓடவிட்டால் நல்ல காற்று, ஆனால் இரண்டு நிமிஷத்தில் கழுத்துத் தொங்கிக் காற்று தரையைப் பார்த்துப் போயிற்று. கயிறு கட்டினார்கள், நிற்கவில்லை. புத்தகம் முட்டுக்கொடுத்தார்கள், அதிர்ந்து அதிர்ந்து புத்தகம் விழுந்தது.

“நீங்க போயி ஆடுங்க ஆத்தா. நான் புடிச்சுக்கறேன்.”

“ஒரு மணி நேரம் ஆச்சி. கை போயிரும்.”

“போனா போகுது. எனக்கென்ன, கை சோறாக்கத்தானே.”

செட்டியார் ஒரு ஸ்டூலைக் கொண்டுவந்து போட்டார். தானும் மாற்றிப் பிடிப்பதாகச் சொன்னார். ஆச்சி அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உட்கார்ந்து, இரண்டு கையாலும் காற்றாடியின் தலையைப் பிடித்துச் சர்வரைப் பார்த்துத் திருப்பிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்கியது. கோலாலம்பூர்க்காரர்கள் கெட்டிக்காரர்கள். முதல் சுற்றில் இரண்டு கொடி அவர்களுக்கு, இரண்டு இவர்களுக்கு. நீலாவதி ஒரு கண்ணை ஆட்டத்திலும் ஒரு கண்ணைக் கடிகாரத்திலும் வைத்து ஆடியதில் இரண்டு முறை அநியாயமாகச் செத்தாள். இரண்டாம் சுற்று முடிந்தபோது நான்குக்கு நான்கு. நாற்பதாவது நிமிஷம். அவள் திரும்பிப் பார்த்தாள். ஆச்சியின் ரவிக்கை முதுகெல்லாம் நனைந்திருந்தது. கடையில் இருந்த நல்ல காற்று முழுவதும் சர்வருக்குப் போக, அதைப் பிடித்திருந்தவருக்கு ஒரு துளி வரவில்லை. ஆனால் காற்றாடியின் தலை இம்மியும் அசையவில்லை.

நாற்பத்தொன்று. நாற்பத்தைந்து. ஐம்பது. சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. ஐம்பதாவது நிமிஷத்தில் நீலாவதி கடிகாரத்தைக் கழற்றி மேசையில் கவிழ்த்து வைத்தாள். அதன் பிறகுதான் அவள் உண்மையில் ஆடினாள். அப்படி ஒரு ஆட்டத்தை அவர்கள் ஐந்து பேரும் அதற்கு முன் ஆடியதில்லை. சுட்ட இடத்தில் ஆள் இருந்தான். ஒதுங்கியபோது நிஜமாகவே தப்பித்தார்கள். கை நினைத்ததைத் திரை செய்தது. ஆறுக்கு ஆறு. கடைசி இரண்டு நிமிஷத்தில் எதிராளி ஒருவன் இவர்கள் கொடியோடு ஓட, அவனை மறிக்க அரசு மட்டுமே இருந்தான். அரசு திரும்பினான். அதற்குள் எதிராளி முந்திக்கொண்டான். அவர்களுக்கு ஏழு, இவர்களுக்கு ஆறு. மணியடித்து ஆட்டம் முடிந்தது.

நீலாவதி அரசைப் பார்த்தாள். அந்த எழுபதை அவன் சொல்லிக் காட்டுவான் என்று காத்திருந்தாள். ஐந்து கூறாக இருந்திருந்தால் அந்தக் கடைசி ஆளை அவன் விட்டிருக்கவே மாட்டான். அது அவளுக்கும் தெரியும்.

அரசு கைகளைத் தலைக்குப் பின்னால் கோத்துக்கொண்டு திரையைப் பார்த்தான். “நான்தான் லா மெதுவா திரும்பிட்டேன்,” என்றான். “அவன் நல்லா ஆடுனான்.” சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். மற்றவர்களுக்கும் சிரிப்பு வந்தது. ஆறு ஆட்டத்தில் முதன்முறையாக அவன் லைனைத் திட்டவில்லை.

டெலிபோன் அடித்தது. மகாலிங்கம். “ஒரு தரமும் நிக்கேல்ல. ரெண்டு பக்கத்துக்கும் எழுபது காட்டுது. நீங்களேதான் அப்பிடி வச்சனீங்களோ?” ஆமாம் என்றாள். “மிச்ச மூண்டு மேட்சும் உங்கட சர்வரிலதான். எதிரில ஆடின பெடியங்களும் அதைத்தான் கேக்கிறாங்கள்,” என்று வைத்துவிட்டார்.

“முடிஞ்சிருச்சா ஆத்தா? கைய எடுக்கலாமா?” என்று மூலையிலிருந்து குரல் வந்தது.

எல்லோரும் அவரை மறந்தேபோயிருந்தார்கள். நீலாவதி ஓடிப்போய்க் காற்றாடியை வாங்கினாள். ஆச்சியின் விரல்கள் பிடித்த பிடியிலேயே மடங்கி நின்றன, நிமிரவில்லை. அவள் தரையில் உட்கார்ந்து அந்தக் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துத் தேய்த்துவிட்டாள்.

“ஜெயிச்சிட்டமா?”

“தோத்துட்டோம் ஆச்சி. நாங்கதான் தோத்தோம். லைன் தோக்கல, சர்வர் தோக்கல, நாங்க தோத்தோம்.” சொல்லச் சொல்ல அவளுக்குக் கண்ணில் நீர் வழிந்தது, முகமெல்லாம் சிரிப்பாகவும் இருந்தது. தோற்றவள் எதற்கு இப்படிச் சந்தோஷப்படுகிறாள் என்று ஆச்சிக்கு விளங்கவில்லை. விளங்கவேண்டும் என்றும் அவர் நினைக்கவில்லை. ஆனால் மத்தியானத்திலிருந்து மனதில் கிடந்த ஒன்றைக் கேட்டுவிட்டார்.

“என் விபூதிதானே ஆத்தா அடச்சுச்சு?”

இனியும் மறைக்க நீலாவதிக்கு மனம் வரவில்லை. “ஆமா ஆச்சி. அடச்சது ஒங்க விபூதிதான். ஆனா கொதிக்குதுன்னு கண்டுபுடிச்சது ஒங்க கை. ஒரு மணி நேரம் காத்துக் குடுத்ததும் அதே கைதான். நான் ஒரு மாசமா என்னென்னமோ செஞ்சேன். அதத் தொட்டுப் பாக்கணும்னு எனக்குத் தோணவே இல்ல.”

ஆச்சி தலையாட்டினார். சிரமப்பட்டு விரல்களை நிமிர்த்தி, மடியில் செருகியிருந்த சின்னப் பொட்டலத்தைப் பிரித்தார். ஒரு சிட்டிகை எடுத்தார். கை பழக்கத்தில் சர்வர் பக்கம் போய், பாதியில் நின்று, திரும்பி வந்து நீலாவதியின் நெற்றியில் பூசியது.

“இங்க பூசுனா ஒண்ணும் அடைக்காதுல்ல?” என்றார்.

அரசும் நெற்றியைக் காட்டிக்கொண்டு பக்கத்தில் வந்து குனிந்தான். அவனுக்குப் பின்னால் மற்ற மூவரும் வரிசையாக நின்றார்கள்.